ஒரு விண்ட்ஷீல்டு கிளெய்மின் கணக்கு வழக்கு

விண்ட்ஷீல்டு கிளெய்மில் கண்ணாடியின் விலைக்காகத் தகராறு வருவது குறைவு. தகராறெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் சமாச்சாரங்களில்தான்: ஒட்டும் பசை, ரப்பர் பீடிங், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கேமரா, உடைந்த தேதி, அடுத்த வருடம் பறிபோகும் போனஸ். இவை அத்தனையும் ஒரே கோப்பில் வந்து மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்த நிகழ்வு. பல கிளெய்ம்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே வண்டியின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். அதனால் வண்டியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இல்லை.

பணக் கணக்குக்கு ஒரு வழி. புதுக் கண்ணாடியின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மற்ற செலவுகளும் பிரீமியமும் அந்த 100-க்கு ஒப்பாக. எந்த நாட்டுப் பணமாகவும் நினைத்துக்கொள்ளலாம். வரியைச் சேர்க்கவில்லை.

நடந்தது என்ன

வண்டி நான்கு வருடம் ஓடியது. முன்னால் போகும் வண்டியை நெருங்கினால் தானே பிரேக் போடும், கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும். அதற்கான கேமரா உள்கண்ணாடிக்கு மேலே, விண்ட்ஷீல்டில் ஒட்டிய ஒரு பிராக்கெட்டில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரியின் டயரிலிருந்து ஒரு கல் தெறித்தது. பக்கத்து சீட்டுக்கு நேரே, வைப்பர் ஓடும் பகுதிக்குள், நட்சத்திர வடிவில் ஒரு சிறு உடைவு. நடுவில் மிளகளவு குழி, சுற்றிலும் நான்கைந்து கால்கள். விரலை வைத்துத் தடவினால் வெளிப்பக்கம் மட்டும் சொரசொரப்பாக இருந்தது. உள்பக்கம் வழவழவென்றே இருந்தது. உரிமையாளர் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் மறந்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, வெயிலில் நின்று கொதித்திருந்த வண்டியில் ஏறி, ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். நட்சத்திரத்தின் ஒரு கால் நீண்டு, 30 சென்டிமீட்டர் விரிசலாகி, கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டு நின்றது.

இதில் புதிர் எதுவும் இல்லை. விண்ட்ஷீல்டு இரண்டு கண்ணாடித் தகடுகளால் ஆனது; நடுவில் சுமார் 0.76 மில்லிமீட்டர் தடிமனில் பி.வி.பி. என்னும் பிளாஸ்டிக் படலம். இப்படி அடுக்குக் கண்ணாடி செய்யும் முறைக்கு பிரெஞ்சு வேதியியலர் எட்வார்ட் பெனெடிக்டஸ் 1909-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகடு மட்டும் உடையும். படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் வேறு வகை. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த ஒற்றைத் தகடு அது. உடைந்தால் மொத்தமாகப் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அதை ரிப்பேர் செய்ய வழியே கிடையாது. விண்ட்ஷீல்டை மட்டும்தான் சின்ன உடைவாக இருக்கும்போதே சரிசெய்ய முடியும். குழியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து, ரெசினைச் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பார்கள். தழும்பு லேசாகத் தெரியும். ஆனால் விரிசல் பெரும்பாலும் மேற்கொண்டு ஓடாது.

அதற்குக் காலம் முக்கியம். குழிக்குள் தூசியும் ஈரமும் புகுந்துவிட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது. அதுவரை ஒரு துண்டு செலோடேப் ஒட்டி வைத்தால் போதும். விரிசல் ஓரத்தை எட்டிவிட்டால் பொதுவாக மாற்றத்தான் சொல்வார்கள், ஏனென்றால் கண்ணாடியின் உள் இறுக்கம் ஓரப் பகுதியில்தான் அதிகம். எங்கே உடைந்தது என்பதும் கணக்கு. வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் பிரிட்டனின் எம்.ஓ.டி. சோதனையில், ஓட்டுநருக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டரைத் தாண்டிய சேதம் இருந்தால் வண்டி தேறாது. வைப்பர் ஓடும் மற்ற இடத்தில் 40 மில்லிமீட்டர் வரை விடுவார்கள். இந்த உடைவு பக்கத்து சீட்டுக்கு நேரே இருந்தது, சின்னது, ஓரத்திலிருந்து தள்ளியும் இருந்தது. முதல் வாரத்தில் போயிருந்தால் ரிப்பேரிலேயே முடிந்திருக்கும். செலவு 8. காப்பீட்டு நிறுவனத்துக்கு போன்கூடப் போட வேண்டியிருக்காது.

பாலிசியில் என்ன இருந்தது

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: எந்தப் பாலிசி? தர்ட் பார்ட்டி மட்டும் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அது அடுத்தவருக்கு நாம் செய்த சேதத்துக்கு. நம் கண்ணாடிக்கு ஒன்றும் வராது. சொந்த சேதத்துக்கும் சேர்த்து எடுத்த முழுப் பாலிசி வேண்டும். இவரிடம் அது இருந்தது.

முழுப் பாலிசி என்றால் எல்லாம் முழுசாகக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயரே ஒரு தொல்லை. இந்தப் பாலிசியில் இருந்தவை: ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 10 உரிமையாளரின் பொறுப்பு. இதைத்தான் டிடக்டிபிள் என்கிறார்கள், பிரிட்டனில் எக்ஸஸ். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி கழிப்பார்கள். பசை, கிளீனர் போன்ற, ஒருமுறை பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருட்களுக்குப் பணம் இல்லை. அதற்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும், இவர் வாங்கவில்லை. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கும். அந்தப் போனஸைக் காக்கும் இணைப்பும் இவரிடம் இல்லை.

இந்த விதிகள் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் கல் தெறித்து உடைந்தால் அது காம்ப்ரிஹென்சிவ் பிரிவில் வரும். மோதலில் உடைந்தால் கொலிஷன் பிரிவுக்குப் போகும். ஃபுளோரிடா, கென்டக்கி, தென் கரோலினா மாநிலங்களில், காம்ப்ரிஹென்சிவ் இருந்தால் விண்ட்ஷீல்டுக்கு டிடக்டிபிள் பிடிக்கக் கூடாது என்றே சட்டம். பிரிட்டனில் விண்ட்ஷீல்டுக்குத் தனி எக்ஸஸ் வைப்பது வழக்கம். ரிப்பேருக்குக் குறைவு, மாற்றினால் கூடுதல். கண்ணாடி கிளெய்மால் போனஸ் குறையாது என்று அங்கே பல பாலிசிகள் சொல்லும். அதனால், "எனக்கு ஒரு பைசா செலவில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்" என்று வெளிநாட்டிலிருக்கும் உறவினர் சொன்னால் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். நம் பாலிசிக்கு அதில் ஒரு சம்பந்தமும் இருக்காது.

உடைந்தது என்றைக்கு?

கிளெய்ம் படிவத்தில் சம்பவத் தேதி என்ற கட்டத்தில் உரிமையாளர் விரிசல் ஓடிய நாளை எழுதினார். காரணம்: "ஏசி போட்டதும் உடைந்துவிட்டது."

இந்த ஒரு வரியால் கிளெய்ம் கிட்டத்தட்ட கைவிட்டுப் போயிருக்கும். பாலிசி பணம் தருவது வெளியிலிருந்து வந்த விபத்துச் சேதத்துக்கு. கண்ணாடி தானாக விரிந்தால் அது தயாரிப்புக் குறையாகவோ, பொருத்தியதில் இருந்த குறையாகவோ, பழசானதாகவோ இருக்கலாம். மூன்றுமே விலக்குப் பட்டியலில் உள்ளவை. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் தேடுவது கல் பட்ட குழியைத்தான். ஓரத்திலிருந்து புறப்பட்டு, வழியில் எங்கும் குழி இல்லாமல் ஓடிய விரிசல் என்றால் அவருக்குச் சந்தேகம் வரும். இங்கே குழி இருந்தது. ஆனால் அதில் அழுக்கு ஏறியிருந்தது. அப்படியென்றால் இது பழைய சேதம். படிவத்தில் இருப்பது புதுத் தேதி. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

போனில் இருந்த படம் இங்கே கைகொடுத்தது. தேதியோடு, நட்சத்திர உடைவு தெளிவாகத் தெரிந்தது. உரிமையாளர் திருத்திய விவரத்தை எழுதிக் கொடுத்தார்: இன்ன தேதியில் கல் பட்டது, இன்ன தேதியில் அதே இடத்திலிருந்து விரிசல் ஓடியது. மூல காரணம் கல். வெப்பம் அதை நீட்டித்தது, அவ்வளவுதான். சர்வேயர் ஏற்றுக்கொண்டார். தாமதமாகச் சொன்னதற்கு விளக்கம் கேட்டார்கள், கொடுத்ததும் விட்டுவிட்டார்கள்.

இரண்டு தேதிகளும் ஒரே பாலிசி வருடத்துக்குள் வந்தது இவருடைய நல்ல நேரம். நடுவில் பாலிசி புதுப்பிக்கப்பட்டிருந்தால், அதுவும் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தால், பழைய நிறுவனம் புதியதையும் புதியது பழையதையும் கைகாட்டியிருக்கும். பாலிசி காலாவதியாகி இடைவெளி விட்டுப் புதுப்பித்தவர்களுக்கு இன்னும் மோசம். புதுப்பிக்கும் முன் எடுக்கும் ஆய்வுப் படத்தில் அந்தச் சின்னக் குழி தெரிந்தால், கண்ணாடியை அப்போதே கவரிலிருந்து கழித்துவிடுவார்கள்.

லாரிக்காரரிடம் வசூலிக்க முடியாதா என்று உரிமையாளர் கேட்டார். சாலையில் கிடந்த கல் டயரில் பட்டுத் தெறித்தால் அதில் அவருடைய கவனக்குறைவு என்று எதையும் காட்டுவது கஷ்டம். மூடாமல் ஏற்றிவந்த ஜல்லியிலிருந்து கல் விழுந்திருந்தால் கதை வேறு. ஆனால் அதற்கும் வண்டி எண், வீடியோ, சாட்சி வேண்டும். இவரிடம் எதுவும் இல்லை. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இன்னொன்றும் கேட்டார்: "எப்படியும் கிளெய்ம் போடுகிறோம், பின்பக்க பம்பரில் இருக்கிற கீறலையும் சேர்த்துவிடலாமே?" முடியாது. அது வேறு நாள், வேறு சம்பவம். தனிக் கிளெய்ம், தனி டிடக்டிபிள். ஒரே சம்பவத்தில் நடந்ததாக எழுதினால் அது பொய்க் கிளெய்ம். கண்ணாடியும் சேர்ந்து போய்விடும்.

எஸ்டிமேட்டில் இல்லாதது

பணிமனை கொடுத்த முதல் எஸ்டிமேட்: கண்ணாடி 100, கூலி 12, பசை 8, பீடிங்கும் கிளிப்பும் 6. மொத்தம் 126. சர்வேயர் பார்த்து, பழைய கண்ணாடியைக் கழற்ற அனுமதி கொடுத்தார். (அவர் பார்ப்பதற்கு முன்னால் கழற்றிவிட்டால் ஆதாரமே போய்விடும். அவசரக்காரர்கள் பலர் மாட்டுவது இங்கேதான்.)

கண்ணாடி மாற்றியாகிவிட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டில் கேமரா எச்சரிக்கை எரிந்தது. அப்போதுதான் பணிமனை கேலிபரேஷன் பற்றிப் பேசியது. அதற்குத் தனியாக 45.

கேலிபரேஷன் என்றால் கேமரா எதை நேர் என்று நினைக்கிறதோ அதைத் திரும்பவும் சரிசெய்வது. பழைய கண்ணாடியும் புதிய கண்ணாடியும் ஒரே மாதிரி என்றாலும், பசையின் தடிமனில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலே கேமரா பார்க்கும் கோணம் மாறும். ஒரு டிகிரி விலகினால் 50 மீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர். நம் பாதையில் போகும் வண்டி பக்கத்துப் பாதையில் போவதாக அது நினைத்துக்கொள்ளலாம். சில வண்டிகளுக்குப் பணிமனையில் அளந்து வைத்த பலகைகளுக்கு முன்னால் நிறுத்திச் சரிசெய்வார்கள், சிலவற்றுக்குக் கருவியை மாட்டிக்கொண்டு, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் ஓட்ட வேண்டும், சிலவற்றுக்கு இரண்டும். எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டால் தேவையில்லை என்று சொல்லும் பணிமனைகள் உண்டு. அதை நம்பக் கூடாது. கேமரா தவறாகப் பார்த்துக்கொண்டே, தான் சரியாக இருப்பதாக நினைத்திருக்கவும் முடியும்.

நிறுவனம் முதலில் மறுத்தது. காரணம் கேட்க நியாயம் போலவே இருக்கும்: "விபத்தில் கேமரா சேதமாகவில்லை. அனுமதித்த எஸ்டிமேட்டிலும் இது இல்லை."

பதில் எழுதும்போது பலர் பாதுகாப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதனால் ஒன்றும் நகராது. பாலிசி வாக்குறுதி தருவது வண்டியை விபத்துக்கு முன் இருந்த நிலைக்குக் கொண்டுவருவதற்கான நியாயமான செலவு. விபத்துக்கு முன் கேமரா வேலை செய்தது. அந்த வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் பழுதுபார்ப்புக் கையேட்டில், விண்ட்ஷீல்டு மாற்றினால் கேமரா கேலிபரேஷன் கட்டாயம் என்று எழுதியிருக்கிறது. ஆகவே இது தனி வேலை அல்ல, கண்ணாடி மாற்றும் வேலையின் ஒரு படி. உரிமையாளர் இந்த மூன்று வாக்கியங்களையும், கையேட்டின் அந்தப் பக்கத்தையும், எச்சரிக்கை விளக்கின் படத்தையும், பணிமனையின் துணை எஸ்டிமேட்டையும் சேர்த்து அனுப்பினார். 45-ம் அனுமதிக்கப்பட்டது. முதல் எஸ்டிமேட்டிலேயே அந்த வரி இருந்திருந்தால் இந்தக் கடிதப் போக்குவரத்தே தேவைப்பட்டிருக்காது. கேமரா, மழை சென்சார், கண்ணாடியில் எண்கள் தெரியும் ஹெட்-அப் டிஸ்ப்ளே ஆகியவற்றில் எது இருந்தாலும், கண்ணாடியைக் கழற்றும் முன் எஸ்டிமேட்டில் அவை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கண்ணாடி எந்தக் கம்பெனி என்பதிலும் சின்ன உரசல் வந்தது. வண்டி நிறுவனத்தின் முத்திரை இல்லாத, ஆனால் ஒத்த தரமுள்ள கண்ணாடியைப் போடலாம் என்றது காப்பீட்டு நிறுவனம். அப்படிப் போடுவது தப்பில்லை. கண்ணாடியின் மூலையில் உள்ள அச்சில் வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்தும் எண்ணும் இருந்தால், ஐ.நா.வின் 43-ஆம் எண் ஒழுங்குமுறைப்படி அது ஒப்புதல் பெற்றது. அது பாதுகாப்புக் கண்ணாடியின் தரத்துக்கு மட்டும் சான்று. கேமரா பிராக்கெட் சரியான இடத்தில் இருக்கிறதா, சத்தம் குறைக்கும் படலம் உண்டா, ஹெட்-அப் டிஸ்ப்ளேவுக்கு ஏற்ற படலமா என்பதை அந்த அச்சை வைத்துச் சொல்ல முடியாது. இவர் வண்டியில் ஹெட்-அப் டிஸ்ப்ளே இல்லை, பிராக்கெட் பொருந்தியது, ஒப்புக்கொண்டார்.

கிளெய்ம் போட்டது லாபமா?

மொத்தச் செலவு 126-ம் 45-ம் சேர்ந்து 171. நிறுவனம் கொடுத்தது: கண்ணாடி 100, கூலி 12, பீடிங்கில் பாதி 3, கேலிபரேஷன் 45, ஆக 160, அதில் டிடக்டிபிள் 10 போக 150. உரிமையாளர் கையிலிருந்து போனது 21.

பெரும்பாலானவர்கள் கணக்கை இங்கே நிறுத்திவிடுவார்கள். 171-க்கு 150 வந்தது, நல்ல பாலிசி என்று நினைப்பார்கள். போனஸை யார் கணக்கில் எடுப்பது?

இவருடைய சொந்த சேதப் பிரிவின் பிரீமியம், தள்ளுபடிக்கு முன், வருடத்துக்கு 80. இப்போது 35 சதவீதப் படியில் இருக்கிறார். கிளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் 45, அதற்குப் பிறகு 50-லேயே நின்றிருப்பார். கிளெய்ம் போட்டதால் 0, 20, 25, 35, 45 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். வருடா வருடம் இழக்கும் தள்ளுபடி 45, 30, 25, 15, 5 சதவீதம். 80-இல் அவை 36, 24, 20, 12, 4. கூட்டினால் 96. வண்டி பழசாகும்போது பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் முடிவெடுக்க இந்த எண் போதும்.

வந்தது 150, போகப்போவது அதிகபட்சம் 96. மிச்சம் 54. கிளெய்ம் போட்டது சரிதான். கேலிபரேஷனை மறுத்திருந்தால் வந்திருப்பது 105. மிச்சம் வெறும் 9. அதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்று கேட்டால், என் கணக்கில் தேவையில்லை. கேமரா இல்லாத பழைய மாடல் வண்டியில், உச்சப் படி போனஸ் வைத்திருப்பவர், கையிலிருந்து கொடுத்து மாற்றிக்கொள்வது பல சமயம் புத்திசாலித்தனம். அதே வருடத்தில் ஏற்கனவே ஒரு கிளெய்ம் போட்டிருந்தால் விஷயம் தலைகீழ்: போனஸ் ஏற்கனவே போயாகிவிட்டது, இரண்டாவது கிளெய்முக்கு இழக்க டிடக்டிபிள் தவிர ஒன்றும் இல்லை. கண்ணாடி கிளெய்மால் போனஸ் குறையாது என்று பாலிசியில் எழுதியிருந்தால் இந்தக் கணக்கையே போட வேண்டாம்.

பசைக்கான 8-ஐத் தள்ளுபடி செய்யச் சொல்லி உரிமையாளர் பணிமனையிடம் பேரம் பேசினார், மலிவான பசையாவது போடுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். பணிமனை மறுத்தது, இந்த ஒரு இடத்தில் பணிமனை பக்கம்தான் நியாயம். முன்சீட்டுப் பயணியின் ஏர்பேக் விரியும்போது பல வண்டிகளில் விண்ட்ஷீல்டில் முட்டிக்கொண்டுதான் பயணியை நோக்கித் திரும்புகிறது. வண்டி கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதிலும் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. இரண்டுமே பசை பிடித்திருப்பதைப் பொறுத்தவை. பசைக்கு ஏற்ப, வண்டியை எடுக்கும் முன் காத்திருக்க வேண்டிய நேரம் டியூபிலேயே போட்டிருக்கும். குளிரிலும் வறண்ட காற்றிலும் அது நீளும்.

வண்டி கைக்கு வந்த பிறகு ஒரு மழையில் மேல் ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்தது. உரிமையாளர் மறுபடியும் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டார். அது கிளெய்மில் வராது. பொருத்திய வேலையின் குறை, பணிமனையின் உத்தரவாதத்தில் வருவது. பில்லின் பின்பக்கத்தில் வேலைக்கான உத்தரவாதம் அச்சிட்டிருந்தது. கண்ணாடியைத் திரும்ப எடுத்து ஒட்டிக் கொடுத்தார்கள். கண்ணாடியை மறுபடி அசைத்ததால் கேலிபரேஷனையும் மறுபடி செய்ய வேண்டும் என்று உரிமையாளரே கேட்டார். பணிமனை தன் செலவில் செய்து, அளவீட்டு அறிக்கையின் பிரதியையும் கொடுத்தது.